பாப்பாத்தியம்மாள் கோயிலும் முதலூர் மணலும்

பாளையங்கோட்டைக்கு வருகிறவர்களை எல்லாரும் முதலில் ஊசிக் கோபுரத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் (இந்தப் பக்கம் பாதிரியாரை ஐயர் என்பார்கள்) காலத்தில், 1826-இல் எழுந்த ஆலயம். தூரத்திலிருந்தே கண்ணில் படும். எங்களுக்கு வேண்டியிருந்தது அதற்கும் நாற்பது வருஷம் மூத்த ஒரு சின்னக் கோயில். ஆட்டோக்காரரிடம் “கிளாரிந்தா சர்ச்” என்றேன். “பாப்பாத்தியம்மா கோயிலா? ஏறுங்க” என்றார்.

நாங்கள் என்றால் சென்னைக்கு வெளியே, ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து ஆராதனை நடத்துகிற புதுச் சபையைச் சேர்ந்த சில பேர். குடும்பங்கள் குறைவு, கூட்டங்கள் அதிகம். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே கேள்விதான்: நிலம் எப்போது, கட்டடம் எப்போது, பக்கத்துத் தெருவில் நமக்குப் பிறகு தொடங்கியவர்கள் கூரை போட்டுவிட்டார்களே, நாம் எப்போது? அப்படி ஒரு கூட்டம் சண்டையில் முடிந்த பிறகு, எங்கள் மூப்பர் அண்ணாச்சிதான் சொன்னார், “ஒரு தடவை நம்ம ஊர்ப் பக்கம் போய்ட்டு வருவோம்.” அவருக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம்.

கிளாரிந்தா கோயில் அடக்கமான கட்டடம். உள்ளே போய் உட்கார்ந்ததும் வெளியே போகிற வண்டிச் சத்தம் குறைந்துவிடுகிறது. நெடுநேரம் யாரும் ஜெபத்தைத் தொடங்கவில்லை. கிளாரிந்தா என்கிற அந்தப் பாப்பாத்தியம்மாளின் கதையைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தஞ்சாவூரில் மராட்டியப் பிராமணக் குடும்பத்துப் பெண். இளம் வயதில் கணவரை இழந்தவர். உடன்கட்டை ஏறவிருந்தவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றினார் என்று சபை மரபு சொல்கிறது. அவரோடு வாழ்ந்தார், அவரிடமிருந்தே கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டார். ஞானஸ்நானம் வேண்டும் என்று ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் போய் நின்றார். மணமாகாமல் ஒருவரோடு வாழ்கிறவருக்குக் கொடுக்க முடியாது என்று ஐயர் சொல்லிவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகுதான், 1778-இல், ஸ்வார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோது அவருக்கு ஞானஸ்நானம் கிடைத்தது.

இந்த இடத்தில் எனக்கு ஸ்வார்ட்ஸ் ஐயர் மேல் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. அவர் பக்கத்து நியாயமும் தெரிகிறது, ஒழுங்கு என்று ஒன்று வேண்டும்தான். ஆனாலும் தன் சாதிக்கும் ஆகாமல், சபைக்கும் ஆகாமல் ஒரு பெண் அத்தனை காலம் வாசலில் நின்றாரே! கோபித்துக்கொண்டு போயிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? அவர் போகவில்லை. மறுத்த அதே ஐயரையே மறுபடியும் வரவழைத்தார். கிருபை என்ற சொல்லை நாங்கள் வாரா வாரம் மைக்கில் சொல்கிறோம். இந்த அம்மாள் அதை நம்பி வாசலில் நின்றிருக்கிறார்.

ஞானஸ்நானம் வாங்கிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. 1780-இல் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டை எழுதியபோது அதில் 40 பேர். பல சாதிக்காரர்கள் ஒரே ஏட்டில். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று தென்மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிறகு அவர் முன்னின்று கட்டிய இந்தக் கோயிலை 1785-இல் ஸ்வார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார். சபையை நடத்தத் தஞ்சாவூரிலிருந்து சத்தியநாதன் வந்தார். முதலில் உபதேசியார் (குருப்பட்டம் பெறாத போதகர்), 1790-இல் குருப்பட்டம்.

எங்கள் கூட்டத்தில் 40 பேர் வந்தால் “இன்னைக்கு ஆள் கம்மி” என்று சொல்வோம். அண்ணாச்சி அதைச் சொல்லிக் காட்டவில்லை, நல்ல மனிதர். நானாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் சாத்தான்குளம் பஸ். அங்கிருந்து முதலூர் கொஞ்ச தூரம்தான். போகப் போக மண் சிவப்பாகிறது, பனை அதிகமாகிறது. பனையேறுகிறவர்களின் சீமை இது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். சபை வரலாறு பேசுகிறவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்த ஐயர்மாரின் பெயரை அடுக்குவார்கள். முதலூர்க் கதையில் முதலில் வருகிறவர் இந்த மண்ணின் ஆள், தாவீது சுந்தரானந்தம். தஞ்சாவூர் போய் ஞானஸ்நானம் பெற்றவர், சொந்த சனத்தைத் தேடித் திரும்பி வந்தார். 1797-ஐ ஒட்டி இங்கே குடும்பம் குடும்பமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். உடனே எதிர்ப்பும் வந்தது. இருந்த ஊரில் நிம்மதியாக ஜெபிக்க முடியவில்லை. பாளையங்கோட்டையில் இருந்த எவரெட் என்ற ராணுவ அதிகாரி பணம் கொடுத்து உதவ, 1799-இல் ஆளில்லாத ஒரு துண்டு நிலத்தை வாங்கிக் குடியேறினார்கள். அதுதான் முதலூர். கிணறு தோண்டினார்கள், ஓலைக் குடிசை போட்டார்கள், ஒரு ஜெபவீடும் கட்டிக்கொண்டார்கள்.

ஸ்வார்ட்ஸ் இதைப் பார்க்கவில்லை. அவர் 1798-லேயே தஞ்சாவூரில் காலமாகிவிட்டார். இந்தச் சபைகளை அலைந்து அலைந்து பார்த்த ஜேனிக்கே ஐயர் 1800-இல் காலமானார். 1802-இல் வந்து ஏராளமானவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கெரிக்கே ஐயர் அடுத்த வருஷமே இறந்தார். தாவீதும் நெடுநாள் இருக்கவில்லை. விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.

சரி, அப்புறம் என்ன நடந்தது? என்னை இந்தப் பயணத்தில் அதிகம் பிடித்துவைத்தது இந்தப் பகுதிதான். புத்தகங்களில் நாலு வரியில் முடிந்துவிடும். தலைவர்கள் இல்லை, பணம் அனுப்ப ஆள் இல்லை, எப்போதாவது ஓர் ஐயர் வந்து போவார். கொள்ளைநோய் வந்தது. விலகிப் போனவர்களும் உண்டு. 1816-இல் ஜேம்ஸ் ஹஃப் பாளையங்கோட்டைக்குப் படைக் குருவாக வந்து, இந்தப் பக்கம் கிறிஸ்தவர்கள் மிச்சம் இருக்கிறார்களா என்று தேடிப் போனார். முதலூரிலும், இந்தப் பக்கத்து ஊரான நாசரேத்திலும் இருந்தார்கள். அந்த வருஷங்களில் யார் பாட்டு எடுத்துக் கொடுத்தார்கள், யார் சாவு வீட்டில் ஜெபித்தார்கள், யார் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக் கொடுத்தார்கள்? உபதேசியார் சிலரின் பெயர் தெரியும். மற்றபடி யாரோ பனையேறி, யாரோ கருப்பட்டி காய்ச்சிய அம்மாள்.

இன்றைய முதலூர் ஆலயத்தின் கோபுரம் பஸ்ஸிலிருந்தே தெரியும். அது பின்னாளில் வந்தது. உள்ளே ஒரு பெரியம்மா பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்கருந்து வாறிய?”

சென்னை என்றோம், புதுச் சபை என்றோம்.

“எத்தனை குடும்பம்?”

அண்ணாச்சி சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

“கோயில் இல்லியோ?”

“இன்னும் இல்லம்மா. வாடகை மாடிதான்.”

“கைப்பிடி அரிசி எடுக்கியளா?”

நாங்கள் முழித்தோம். எனக்குத் தெரியும், என் ஆச்சி எடுப்பாள். உலையில் போடுகிற அரிசியில் ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடி தனியாகப் பானையில் போய்விடும், அது கோயிலுக்கு. சென்னையில் ஜிபே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம், அரிசியை யார் யோசித்தார்கள்?

“அதை எடுங்க முதல்ல. கோயில் வரும்போது வரும்” என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்கள். அறிவுரை சொல்கிற தோரணையே இல்லை. உப்பு போட்டியா என்று கேட்கிற மாதிரிதான் இருந்தது.

முழங்காலில் நின்று ஜெபித்தோம். நிலத்துக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒரு பட்டியலே கொண்டுவந்திருந்தோம். அண்ணாச்சி அதை எடுக்கவில்லை. சண்டை போட்டுக்கொண்டு வராமல் நின்றுவிட்ட இரண்டு குடும்பத்தின் பெயரைச் சொல்லி மட்டும் ஜெபித்தார். திரும்புகிற வழியில் மஸ்கோத்து அல்வா வாங்கினோம். முதலூர் வந்துவிட்டு அது வாங்காமல் போனால் பாவம். தேங்காய்ப்பாலில் கிண்டுகிறார்கள். இலங்கையிலிருந்து வந்த பண்டம் என்று சொல்கிறார்கள். நெய் அல்வாவுக்குப் பழகிய நாக்குக்கு முதல் வாயில் ஒன்றும் தெரியாது, பிறகு நிறுத்த முடியாது.

அந்த இரண்டு குடும்பத்துக்கும் ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார் அண்ணாச்சி. ஒரு வீட்டில் உட்காரச் சொன்னார்கள், காபி வந்தது. இன்னொரு வீட்டில் வாசலிலேயே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்கள். அடுத்த மாதமும் போகலாம் என்கிறார். மாடிப் படிக்கட்டுக்குக் கீழே ஒரு எவர்சில்வர் டிரம் வந்திருக்கிறது. முதல் ஞாயிறு அதில் விழுந்த அரிசியில் பாதி ரேஷன் அரிசி, கொஞ்சம் பாஸ்மதி, ஒரு பிள்ளை போட்ட துவரம்பருப்பு. எல்லாம் கலந்து கிடந்ததைப் பிரித்தெடுக்க அக்காமார் நாலு பேர் ஆராதனை முடிந்து முறத்தோடு உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கு நிலத்தைப் பற்றிக் கூட்டம் போட நேரமில்லை.