சப்வூஃபர் போர்ட்: விட்டம் முதலில், நீளம் கடைசியில்

சப்வூஃபருக்காக, அதாவது தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கருக்காக, 12 அங்குல டிரைவர் (ஒலியை எழுப்பும் பாகம்) ஒன்றுக்குப் பெட்டி செய்ய உட்கார்ந்தபோது, பலகைக் கணக்கு சட்டென்று முடிந்துவிட்டது. நேரம் பிடித்தது போர்ட்தான், அதாவது பெட்டிக்காற்று வெளியே வந்துபோகும் குழாய். நான் எந்த வரிசையில் போனேன் என்று எழுதிவைக்கிறேன்.

டிரைவர் போர்ட் பெட்டிக்குப் பொருந்துமா என்பதுதான் முதல் கேள்வி. டேட்டா ஷீட்டில் இருக்கும் எஃப்எஸ் (Fs, டிரைவரின் இயல்பு அதிர்வெண்) மதிப்பை க்யூஇஎஸ்ஸால் (Qes, டிரைவரின் ஆட்டம் மின்வழியாக எவ்வளவு அடங்குகிறது என்று காட்டும் எண்) வகுத்தேன். விடை 100-ஐ ஒட்டி வந்தால் போர்ட் பெட்டி, 50-ஐ ஒட்டி வந்தால் மூடிய பெட்டி என்பது நடைமுறைக் கணக்கு. எனக்கு 100 பக்கம் வந்தது. வின்ஐஎஸ்டி மென்பொருளில் போட்டுப் பார்த்து, நிகரக் கொள்ளளவு 60 லிட்டர், டியூனிங் (போர்ட்டும் பெட்டிக்காற்றும் சேர்ந்து ஒத்ததிரும் அதிர்வெண்) 32 ஹெர்ட்ஸ் என்று முடிவு செய்தேன்.

இந்த 60 லிட்டர் என்பது காற்றுக்கு மட்டும் உரிய இடம். உள்ளளவு 50 × 34 × 40 செ.மீ. என்றால் 68 லிட்டர். அதில் டிரைவரின் உடம்பு 3 லிட்டர், உள்தாங்கிக் கட்டைகள் 2, போர்ட் குழாய் ஏறக்குறைய 2.8. எல்லாம் போக மிச்சம்தான் 60. குழாயின் இடத்தைக் கணக்கிட உள்விட்டத்தை எடுக்கக் கூடாது; குழாய்ச் சுவரும் இடத்தை அடைக்கிறது, அதனால் வெளிவிட்டம்தான் சரி.

அப்புறம் நீளம். வட்டக் குழாய்க்கு வாய்பாடு இதுதான்: விட்டத்தின் வர்க்கத்தை 23562.5 ஆல் பெருக்கி, டியூனிங்கின் வர்க்கத்தையும் கொள்ளளவையும் பெருக்கி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். வந்த விடையிலிருந்து விட்டத்தின் 0.732 பங்கைக் கழிக்க வேண்டும். விட்டமும் நீளமும் செ.மீ., கொள்ளளவு லிட்டர், டியூனிங் ஹெர்ட்ஸ். கடைசியில் கழிப்பது எதற்கென்றால், குழாயின் இரு வாய்க்கும் வெளியே உள்ள கொஞ்சம் காற்றும் சேர்ந்தே ஆடுகிறது. ஒரு முனை பலகையோடு சமமாகவும் மறுமுனை பெட்டிக்குள் திறந்தும் இருக்கும் குழாய்க்கு 0.732.

ஒரே பெட்டிக்கு மூன்று விட்டங்களைப் போட்டேன். 7.5 செ.மீ. என்றால் நீளம் 16 செ.மீ.; 10 என்றால் 31; 15 என்றால் 75! விட்டத்தை இரட்டிப்பாக்கினால் நீளம் நான்கு மடங்குக்கும் மேல் ஓடுகிறது. 75 செ.மீ. குழாயை 40 செ.மீ. ஆழமுள்ள பெட்டிக்குள் நேராக வைக்க வழியில்லை. 7.5 அழகாக உட்காரும், ஆனால் காற்று அவ்வளவு சின்ன வாய் வழியே வேகமாகப் பாய்ந்தால் 'புஸ் புஸ்' என்று இரையும். காற்றின் வேகம் வினாடிக்கு 17 மீட்டருக்குள், அதாவது ஒலியின் வேகத்தில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை என்பார்கள். 10 செ.மீ. குழாயில் ஆம்பின் (ஆம்ப்ளிஃபயர்) முழு வாட்டில் அதைத் தாண்டியது, நான் கேட்கும் சத்தத்தில் உள்ளேயே நின்றது. 10-ஐயே எடுத்துக்கொண்டேன். 18 மி.மீ. பலகைக்குள் இருக்கும் பங்கு போக, குழாயின் உள்முனைக்கும் பின்பலகைக்கும் நடுவே 10.8 செ.மீ. கிடைத்தது. ஒரு விட்டம் அளவாவது இடைவெளி வேண்டும் என்பார்கள், மயிரிழையில் தப்பியது.

குழாய் வாங்கும்போது உள்விட்டத்தை அளந்தே ஆக வேண்டும். 10-க்குப் பதில் 10.4 இருந்தால் நீளம் 31-இலிருந்து 34-ஐ நெருங்கிவிடும். நீளத்தில் 1 செ.மீ. பிசகினால் டியூனிங் அரை ஹெர்ட்ஸ் கூட மாறாது. அதனால் கவனம் முழுக்க விட்டத்தில்தான் இருக்க வேண்டும்.

குழாயை ஒட்டாமல் 33 செ.மீ. நீளத்தில் விட்டு, 2 செ.மீ. முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி செருகினேன். ஆம்புக்கும் டிரைவருக்கும் நடுவே 100 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக இணைத்து, டிரைவர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, டோன் ஜெனரேட்டரை 15 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக ஏற்றினேன். வோல்ட் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. இரண்டு மேடுகளுக்கும் நடுவிலுள்ள பள்ளம்தான் பெட்டியின் உண்மையான டியூனிங். எனக்கு 30.5 பக்கம் விழுந்தது. குழாய் பக்கச் சுவரை ஒட்டி ஓடுவதும் இதற்குக் காரணம். சுவர் அருகிருந்தால் குழாய் நீளமானது போலவே நடந்துகொள்ளும். நீட்டியதை அறுத்ததும் 31-ஐத் தாண்டியது. அதோடு விட்டுவிட்டேன், அந்த ஒரு ஹெர்ட்ஸ் யார் காதுக்கும் தெரியாது.

ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு அந்த டியூனிங் ஹெர்ட்ஸிலேயே ஸ்வரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்துப் பார்த்தால், கோன் (டிரைவரில் முன்னும் பின்னும் ஆடும் கூம்பு) ஏறத்தாழ அசையாமல் நிற்கிறது, போர்ட் வாயில் கையை வைத்தால் காற்று அடிக்கிறது. 25 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் கதை வேறு: கோனைப் பிடித்து நிறுத்தக் காற்றின் எதிர்ப்பே இல்லாமல் கன்னாபின்னாவென்று ஆடத் தொடங்கும். ஆம்பில் சப்சானிக் ஃபில்டரை (வைத்த அளவுக்குக் கீழான அதிர்வெண்களைக் குறைக்கும் வடிகட்டி) 26 ஹெர்ட்ஸில் வைத்த பிறகுதான் சத்தத்தைக் கூட்டினேன்.