லாரி பிட்டில் ஒரு பாக்ஸ்டர்: வீட்டிலேயே ஆயில் மாற்றிய கதை

கிருஷ்ணகிரியில் போர்ஷே வைத்திருப்பவனிடம் ஜனங்கள் முதலில் கேட்பது மைலேஜ். அடுத்தது, "சர்வீசுக்கு எங்கே விடுறீங்க?" பெங்களூருக்குத்தான். இங்கிருந்து தொண்ணூறு கிலோமீட்டர், ஓசூர் நெரிசலைத் தாண்டிவிட்டால் போதும். காசும் தூரமும் பெரிய தொல்லை இல்லை. அப்படியிருந்தும் ஆயில் மாற்றும் வேலையை மட்டும் நானே செய்வது என்று முடிவெடுத்ததற்குக் காரணம், கழற்றிப் போடும் பழைய பில்டர் எனக்கு வேண்டும். சர்வீசில் விட்டால் அது குப்பைக்குப் போய்விடும்.

வண்டி 2007 மாடல் போர்ஷே பாக்ஸ்டர், கம்பெனிக் குறியீட்டில் 987 தலைமுறை. 2.7 லிட்டர், ஆறு சிலிண்டர், 245 குதிரைத்திறன். பெங்களூரில் இரண்டாம் கையாக வாங்கி, என்ஓசி, தமிழ்நாட்டு வரி, நம்பர் மாற்றம் என்று அலைந்தது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

இந்த வண்டியின் இன்ஜினைக் கண்ணால் பார்ப்பதே கஷ்டம். முன்னால் திறந்தால் டிக்கி, பின்னால் திறந்தாலும் டிக்கி. சீட்டுக்கும் பின் அச்சுக்கும் நடுவே இன்ஜின் படுத்திருக்கிறது. பிஸ்டன்கள் மேலும் கீழுமாக இல்லாமல் இடமும் வலமுமாக அடிக்கும் பாக்ஸர் வகை. பின் டிக்கியின் ஓரத்தில் ஆயில் ஊற்றும் மூடி மட்டும் தலை நீட்டும். மற்றதெல்லாம் அடியிலிருந்துதான்.

பில்டர் மேல் எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்பதைச் சொல்லிவிடுகிறேன். எம்96, எம்97 என்ற இந்த இன்ஜின் குடும்பத்தில் கிராங்குக்கு, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டுக்கு, கீழே நீளவாக்கில் ஒரு இடைத்தண்டு ஓடுகிறது. கிராங்க் அதைச் செயின் போட்டுச் சுழற்றும், அது வால்வுகளைத் திறக்கும் கேம்களைச் செயின் போட்டுச் சுழற்றும். அந்தத் தண்டின் ஒரு முனையைத் தாங்குவது சீல் வைத்த ஒரு பால் பேரிங். ஐஎம்எஸ் (இன்டர்மீடியட் ஷாஃப்ட், அதாவது இடைத்தண்டு) பேரிங் என்று பெயர் கெட்டுப்போனது இதுதான். சீல் தளர்ந்தால் உள்ளே இருக்கும் கிரீஸை இன்ஜின் ஆயில் கழுவிவிடும். அப்புறம் குண்டுகள் தேயும், ஒருநாள் பேரிங் உடையும், டைமிங் தவறும், வால்வும் பிஸ்டனும் மோதும். முழு இன்ஜினும் போச்சு. அமெரிக்காவில் இது கோர்ட் வரை போய், 2001-க்கும் 2005-க்கும் இடையே தயாரான வண்டிகளுக்கு 2013-இல் சமரசம் ஆனது. 2009 மாடலில் வந்த புது இன்ஜினில் இடைத்தண்டையே எடுத்துவிட்டார்கள்.

என் வண்டி இரண்டுக்கும் நடுவில் மாட்டியது. அதில் இருப்பது பெரிய பேரிங். பழைய சின்னப் பேரிங்கைவிட உறுதியானது, உடைந்ததாகக் கேள்விப்படுவதும் குறைவு. ஆனால் சின்னதைக் கிளட்ச் பக்கமாகவே உருவி மாற்றலாம். பெரியதை எடுக்க வேண்டுமென்றால் இன்ஜினையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். அதனால் என்னைப் போன்றவர்கள் செய்யக்கூடியது கண்காணிப்பு மட்டுமே. பேரிங் தேய ஆரம்பித்தால் இரும்புத் துகள் ஆயிலில் கலந்து பில்டர் மடிப்பில் வந்து சிக்கும். டேஷ்போர்டு விளக்கு எரிவதற்கு எவ்வளவோ முன்னால் பில்டர் சொல்லிவிடும். ரத்தப் பரிசோதனை மாதிரிதான்.

சரி, வண்டியைத் தூக்குவது எப்படி? ஜாக் வைத்து நான்கு பக்கமும் ஸ்டாண்ட் போட்டுச் செய்பவர்கள் உண்டு. வண்டியின் வயிறு தரையை ஒட்டி இருக்கிறது, சாதாரண ஜாக் அடியில் நுழையவே நுழையாது. முன்பக்கம் மட்டும் தூக்கினால் ஆயில் ஒரு பக்கமாகத் தேங்கி முழுவதும் வடியாது. கிரானைட் ஊர்தானே, நாலு கல்லை அடுக்கி மேலே ஏற்றிவிடு என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். கல் சொல்லாமல் பிளக்கும். அதன் கீழே படுக்க எனக்குத் தைரியம் கிடையாது.

எங்கள் வீட்டில் வேறு வசதி இருக்கிறது. சித்தப்பா லாரி வைத்திருப்பவர். பர்கூர் சாலையில் இருக்கும் அவர் ஷெட்டில் சர்வீஸ் பிட், அதாவது வண்டிக்கு அடியில் இறங்க வெட்டிய பள்ளம், உண்டு. வண்டியைச் சமமாக நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி வேலை பார்க்கலாம். இதைவிட என்ன வேண்டும்? ஆனால் லாரிக்கு வெட்டிய பிட்டில் இரண்டு சிக்கல். லாரியின் அடிப்பாகம் உயரத்தில் இருப்பதால் பிட்டை ஆழமாக வெட்டவில்லை, இடுப்பளவுதான். பாக்ஸ்டருக்குக் கீழே அதில் நிற்க முடியாது. மாம்பழக் கிரேட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தால் தலைக்கு நேர் மேலே ஆயில் சேம்பர், அளவெடுத்துச் செய்த மாதிரி. இன்னொன்று, லாரிக்கு இன்ஜின் முன்னால் என்பதால் விளக்கும் சாமான் மாட்டும் ஆணிகளும் பிட்டின் உள்முனையில் இருந்தன. எனக்கு இன்ஜின் பின்னால். ஆகவே ரிவர்ஸில் ஏற்ற வேண்டியிருந்தது. ஷெட் வாசல் மேட்டில் பம்பர் உரசாமல் இருக்க இரண்டு பலகை போட்டுக் கோணலாக ஏற்றினேன். சித்தப்பா பின்னால் நின்று "வா, வா, இன்னும் வா" என்று பதினாறு சக்கர வண்டிக்குக் கொடுக்கிற அதே குரலில் சைகை காட்டினார்.

பிட்டில் பெட்ரோல் வண்டி ஏற்றுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் இறங்கித் தங்கும். டீசல் வண்டியில் பழகிய ஷெட்டில் யாருக்கும் இது நினைவில் இருக்காது. பீடி, வெல்டிங் எல்லாவற்றையும் தள்ளி வைத்தேன். பிட்டுக்குள் ஆள் இருக்கும்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்வதும் கிடையாது.

ஆயில் விஷயத்தில்தான் சித்தப்பாவோடு வாக்குவாதம். மூலையில் இருந்த டிரம்மைக் காட்டி, "15டபிள்யூ-40 இருக்குதேடா. உன்னோடதும் நாப்பதுதானே? எதுக்கு லிட்டருக்கு அவ்வளவு காசு குடுக்கற?" என்றார். கேள்வி நியாயமானது. பின்னால் வரும் 40 என்பது 100 டிகிரி சூட்டில் ஆயிலின் தடிமன். இரண்டு ஆயிலும் 12.5-க்கும் 16.3 சென்டிஸ்டோக்குக்கும் இடையில் இருந்தாக வேண்டும். முன்னால் வரும் எண் குளிரில் எப்படி என்பதற்கானது. 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும் 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். கிருஷ்ணகிரியில் மார்கழி விடியலில்கூட அந்தக் குளிருக்கு வாய்ப்பே இல்லை.

வித்தியாசம் மற்றதில் இருக்கிறது. இந்த இன்ஜினில் வால்வு லிஃப்டர்கள் ஆயில் அழுத்தத்தில் இயங்குகின்றன. கேம் நேரத்தை மாற்றும் வேரியோகேமும் அதே ஆயிலில்தான் வேலை செய்கிறது. காலையில் சாவி போட்டதும் ஆயில் சட்டென்று மேலே ஏற வேண்டும், அதற்கு 0டபிள்யூ அல்லது 5டபிள்யூ தேவலை. லாரி ஆயிலில் கரியைச் சமாளிக்கச் சேர்க்கும் மருந்து வேறு, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள பெட்ரோல் இன்ஜினுக்கு வேண்டியது வேறு. நான் டப்பாவில் பார்ப்பது போர்ஷே ஏ40 அனுமதி இருக்கிறதா என்பதைத்தான். மொபில் 1 0டபிள்யூ-40 வாங்கினேன். ஏ40 போட்ட 5டபிள்யூ-40 கிடைத்திருந்தாலும் வாங்கியிருப்பேன், நம் வெயிலுக்கு இரண்டும் ஒன்றுதான். ஸ்விஃப்டுக்கு மூன்றரை லிட்டர் போதும், இதற்கு எட்டை ஒட்டிப் போகும். ஒன்பது லிட்டர் எடுத்து வைத்தேன். பில்லைப் பார்த்த சித்தப்பா, "தங்கத்த உருக்கி ஊத்தறானுங்களா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

சாமான் அதிகம் வேண்டாம். டிரெயின் நட்டுக்கு 8 மி.மீ. அலன் சாக்கெட். பில்டர் உறைக்கு 74 மி.மீ., 14 பட்டை உள்ள தொப்பி ரெஞ்ச். ஊரில் லாரி பில்டர் கழற்றும் செயின் ரெஞ்ச் எந்தக் கடையிலும் கிடைக்கும், ஆனால் இது பிளாஸ்டிக் உறை, செயின் போட்டால் நசுங்கும். தொப்பியை ஆன்லைனில் வரவழைத்தேன். முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச், ஓசூர் சிப்காட்டில் வேலை செய்யும் மச்சானிடம் இரவல்.

இன்ஜினைச் சூடேற்றி அணைத்து, தொட்டால் கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு இறங்கினேன். மேலே மூடியைத் திறந்து வைத்துவிட்டு நட்டைக் கழற்ற வேண்டும், காற்று போனால்தான் ஆயில் தாராளமாக வரும். கடைசிப் புரியில் நட்டை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே சுற்றிச் சட்டென்று விலக்கினால் கையில் வழியாது. முதலில் ஆயில் ஒரு வளைவாகப் பாயும், போகப் போகச் செங்குத்தாகும், பிறகு நூலாக இளைக்கும். கேனை அதற்கேற்ப நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நூல் சொட்டாக மாறிய பிறகும் விட்டுவிட்டேன். நானும் ஒரு டீ குடித்து வந்தேன்.

நட்டின் அலுமினிய வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். அது நசுங்கித்தான் கசிவை அடைக்கிறது. லாரி ஷெட்டில் செம்பு வாஷரைச் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டு மறுபடி மாட்டுவார்கள், சுட்டால் செம்பு இளகிவிடும் என்பதால் அது செல்லும். அலுமினியம் சூடானால் நிறம் மாறாது, நேராக உருகித்தான் காட்டும். புது வாஷர் விலை ஒரு டீக்குச் சமம், அதில் கஞ்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. முடுக்குவது 50 நியூட்டன் மீட்டர், கிளிக் கேட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். "அவ்வளவுதானா?" என்று கேட்டபடி சித்தப்பா, ரெஞ்சில் செருகி இன்னும் முடுக்கப் பைப்போடு நின்றார். சேம்பர் அலுமினியம், இரும்பு லாரிக்குப் பழகிய கை பட்டால் புரி உருவிக்கொண்டு வந்துவிடும்.

பில்டர் உறைக்குள்ளும் கொஞ்சம் ஆயில் நிற்கும். நிமிர்த்திய வாக்கில் இறக்கினால் கொட்டாது. உறையின் பழைய ஓ ரிங் தட்டையாகி இருந்தது, புதியதற்கு விரலால் ஆயில் தடவி மாட்டினேன். இது வெறும் 25 நியூட்டன் மீட்டர்தான்.

இனி நான் காத்திருந்த வேலை. பில்டரை இரவெல்லாம் கவிழ்த்து வடியவிட்டேன். காலையில் பிளேடால் மேலும் கீழும் அறுத்து, காகித மடிப்புகளைத் தனியே உருவி, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து வைஸில் அழுத்தினேன். மிச்ச ஆயிலைப் பிழிந்தால்தான் துகள் தெரியும், இல்லாவிட்டால் ஆயிலின் பளபளப்பே உலோகம் போலக் கண்ணை ஏமாற்றும். மடிப்பை விரித்து வெயிலில் பிடித்து, ஒவ்வொரு பள்ளமாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். கருப்பாக, நகத்தால் நசுக்கினால் ரப்பர் போல வளையும் சில துணுக்குகள். அவை இன்ஜின் இணைப்புகளில் பூசும் சீலன்ட், கவலையில்லை. பழுப்பு நிறத்தில் ஒரே ஒரு சன்னமான செதில், டைமிங் செயின் உரசி ஓடும் பிளாஸ்டிக் வழிகாட்டியிலிருந்து வந்திருக்கலாம். ஒன்று பரவாயில்லை, அடுத்த முறை கூடியிருந்தால் யோசிக்க வேண்டும்.

அடுத்தது காந்தம். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலிதீன் கவரில் சுற்றி மடிப்பின் மேல் மெதுவாக இழுத்தேன். கவர் சுற்றுவது அவசியம், நேரடியாக ஒட்டினால் துகளைக் காந்தத்திலிருந்து பிரிக்க முடியாது. கவரை உள்வெளியாகப் புரட்டி வெள்ளைப் பீங்கான் தட்டில் தட்டினேன். சாம்பல் நிறத்தில் மாவு போல ஒரு கீற்று, அவ்வளவுதான். எந்த இன்ஜினிலும் இருக்கும் தேய்மானம் அது. பயப்பட வேண்டியது ஊசிமுனை போல மின்னும், காந்தத்தில் ஒட்டும் செதில்களுக்கு. மின்னினாலும் ஒட்டவில்லை என்றால் அலுமினியம், அது வேறு நோய். இந்தத் தட்டில் இரண்டும் இல்லை. தட்டையும் விரித்த மடிப்பையும் போட்டோ எடுத்து, கிலோமீட்டரைக் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது வேண்டும் அல்லவா?

முதலில் ஏழு லிட்டர் ஊற்றினேன். மொத்தத்தையும் ஒரே மூச்சில் ஊற்றக் கூடாது, கூடினால் மறுபடி பிட்டில் இறங்கி வடிக்க வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் அழுத்த எச்சரிக்கை அணைந்தது. இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே போய் டார்ச் அடித்து நட்டையும் உறையையும் துடைத்துப் பார்த்தேன், ஈரம் இல்லை. கேஆர்பி அணை வரை ஓட்டிப் போய், சமதரையில் நிறுத்தி, ஆயில் இறங்கும் வரை காத்திருந்து மீட்டரில் அளவைப் பார்த்தேன். கோடு கொஞ்சம் குறைவாக இருந்தது. அரை லிட்டர் சேர்த்தேன், சிறிது பொறுத்து இன்னும் ஒரு சின்ன அளவு. உச்சக் கோட்டுக்கு ஒரு படி கீழே நிறுத்திக்கொண்டேன். நிரம்பி வழிவதைவிட அதுதான் நல்லது.

பழைய ஆயிலைக் கேட்டு ஆள் வராத நாளே இல்லை. சென்ட்ரிங் பலகைக்குப் பூச ஒருவர், கொட்டகை மரத்துக்குக் கரையான் மருந்தாக ஒருவர். சட்டப்படி அது அபாயக் கழிவு, மண்ணில் இறங்கினால் கிணற்றுக்குத்தான் கேடு. ஷெட்டில் லாரிகளின் பழைய ஆயிலைச் சேர்க்கும் டிரம் இருக்கிறது, மறுசுத்திகரிப்புக்கு எடுக்கும் உரிமம் பெற்றவர்கள் வந்து அளந்து வாங்கிப் போவார்கள். என்னுடையதையும் அதிலேயே ஊற்றினேன். சித்தப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் நல்லாத்தான் இருக்குது, இத அந்த பழைய லேலண்டுல ஊத்தலாமா?" என்றார். கூடாது என்று சொல்லி மூடியை இறுக்கினேன். நம்பினாரா என்று தெரியவில்லை.