தளத்திலிருந்து மடல் வெளியே செல்வதற்கு

நான் சொந்த டொமைன் ஒன்றை வாங்கி, வாடகை சர்வரில் வலைத்தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளை நிறுவிச் சில வாரங்கள் கழிந்த பிறகு, கடவுச்சொல்லை மாற்றுவதற்கான மடல் தமக்கு வரவேயில்லை என்று ஒரு வாசகர் தெரிவித்தார். வேர்ட்பிரஸோ மடல் அனுப்பப்பட்டுவிட்டதாகவே காட்டியது. அதை இயக்கும் நிரல்மொழியான, சர்வரிலுள்ள பிஎச்பி அந்த மடலை வாங்கிக்கொண்டது என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது.

மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982-இல் வகுக்கப்பட்டபோது, அனுப்புநர் சொல்வது மெய்தானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. அதனால்தான் பெறும் பக்கத்துச் சர்வர்கள் இன்று அறிமுகமில்லாத எந்த மடலையும் ஐயத்துடன் பார்க்கின்றன. 2024 பிப்ரவரி முதல், தனக்கு மடல் அனுப்பும் எல்லோரும் மடல் மெய்யான அனுப்புநரிடமிருந்து வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் ஆகிய இரண்டு முறைகளில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும் என்றும், நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோர் இரண்டோடு, அவை வாசகர் காணும் அனுப்புநர் டொமைனுடன் பொருந்துகின்றனவா என்று பார்த்து, தேறாத மடலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும் என்றும் ஜிமெயில் விதித்திருக்கிறது.

வழியைச் சீராக்குவது எளிதாகவே முடிந்தது. சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் 25-ஆம் போர்ட்டை (இணைப்பு வாயிலை) சர்வர் வாடகைக்குத் தரும் பல நிறுவனங்கள் அடைத்து வைத்திருப்பதால், மடல் அனுப்பித் தரும் சேவை ஒன்றில் கணக்கு தொடங்கி, தொடக்கத்திலிருந்தே மறையாக்கம் செய்யும் 465-ஆம் போர்ட் வழியாக இணைத்தேன்.

டொமைனைப் பற்றிய விவரங்களை இணையத்துக்குச் சொல்லும் டிஎன்எஸ் பதிவுகளில்தான் ஒரு நாள் முழுவதும் போயிற்று. என் டொமைனின் பெயரில் யார் யார் மடல் அனுப்பலாம் என்று அறிவிப்பது எஸ்பிஎஃப். பழைய பதிவை நீக்காமல் புதிய சேவைக்கென்று இன்னொன்றைச் சேர்த்துவிட்டேன். ஒரு டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் பதிவுகள் இருந்தால் சோதனையே பிழையென முடிந்துவிடும் என்பதால், இரண்டையும் ஒரே வரியாக்கிய பின்னரே அது தேறியது.

அதன் பிறகும் டிமார்க் தேறவில்லை. எஸ்பிஎஃப் பார்ப்பது மடலின் உறைமேல் உள்ள திருப்பி அனுப்பும் முகவரியைத்தான்; வாசகர் கண்ணில் படும் அனுப்புநர் முகவரியை அன்று. என் சேவை உறைமேல் தன் சொந்த டொமைனை எழுதியதால், எஸ்பிஎஃப் தேறியும் இரு டொமைன்களும் பொருந்தவில்லை. டிகேஐஎம் இங்கேதான் கைகொடுத்தது. என் டொமைனின் பெயரிலேயே மடலுக்கு மறைசாவியால் கையொப்பம் இட்டு, அதைச் சரிபார்க்கும் பொதுச்சாவியை டிஎன்எஸ்ஸில் வைத்ததும் பொருத்தம் கிடைத்தது. மடலின் உள்ளடக்கம் மாறாதவரை, வேறொரு முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டாலும் இந்தக் கையொப்பம் செல்லும். எஸ்பிஎஃப் அங்கே பெரும்பாலும் முறிந்துவிடும். ஆகவே ஒன்றைச் செய்யத்தான் நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு டிகேஐஎம்மையே நான் சொல்வேன்.

வாசகரை மறுபடி முயன்று பார்க்கச் சொன்னேன்; மடல் ஒரு நிமிடத்திற்குள் அவருடைய உள்பெட்டிக்கு வந்தது. டிமார்க்கை இப்போதைக்கு அறிக்கை மட்டும் அனுப்பும் நிலையில் வைத்திருக்கிறேன். இரண்டு வாரங்களுக்கு அந்த அறிக்கைகளைப் படித்த பின்னரே, தேறாத மடல்களை ஸ்பேமில் ஒதுக்கச் சொல்லும் நிலைக்கு மாற்றுவதாக இருக்கிறேன்.