சோனிகேட்டரில் பெப்டைட்: அடுத்த வருடம் எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்யப்போகிறவர்களுக்கு

கும்பகோணத்தில் ஒரு நகைக்கடையில் அம்மாவின் தோட்டைக் கழுவக் கொடுத்திருந்தோம். கல் பதித்த தோடு. பிரஷ் நுழையாத இடுக்கெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. கடைக்காரர் ஒரு சின்ன எவர்சில்வர் தொட்டியில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, கம்பிக் கூடையில் தோட்டை வைத்து இறக்கி ஸ்விட்சைப் போட்டார். மெல்லிய இரைச்சல். கல்லுக்கு அடியிலிருந்து புகை மாதிரி அழுக்கு கிளம்பி வந்தது. கல்லூரி லேபில் நாம் சோனிகேட்டர் என்று சொல்வது இதே தொட்டிதான்: மீயொலி அலைகள் தண்ணீரில் நுண்ணிய குமிழிகளை உண்டாக்கி உடைக்கும். கடைசி செமஸ்டரில் நான்கு மாதம் அதில்தான் பெப்டைட், அதாவது அமினோ அமிலங்களைக் கோத்த சின்னச் சங்கிலி, செய்தேன். டெல்டா பக்கம் நம்மைப் போன்ற கல்லூரிகளில் தானியங்கி சிந்தசைசர் கிடையாது. ஆனால் சோனிகேட்டர் அநேகமாக எல்லா லேபிலும் ஏதாவது ஒரு மூலையில் இருக்கும். அதனால்தான் இந்தத் தலைப்பை உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் எடுத்துக்கொண்டது லியூ-என்கெஃபாலின். டைரோசின், கிளைசின், கிளைசின், ஃபினைல்அலனின், லியூசின் என்று ஐந்தே அமினோ அமிலங்கள். நம் மூளையிலேயே சுரப்பது, 1975-இல் கண்டுபிடித்தார்கள். முதல் முறை செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பெப்டைட் இல்லை என்பது என் எண்ணம். மாஸ் (மூலக்கூறின் எடையை அளக்கும் சோதனை) எடுத்தால் 556 வரவேண்டும், வந்தால் சரி. வராவிட்டாலும் என்ன தவறு என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுக்கும்.

செய்முறையின் அடிப்படை மெரிஃபீல்ட் 1963-இல் வெளியிட்ட வழிதான்: சங்கிலியின் ஒரு முனையைத் திடமான மணியில் கட்டிவைத்து வளர்ப்பது. அதற்காகத்தான் 1984-இல் அவருக்கு நோபல் கொடுத்தார்கள். லியூசின் ஏற்கெனவே ஏற்றிய வாங் ரெசினை (அந்தச் சின்னப் பிளாஸ்டிக் மணிகள்) அடியில் வடிகட்டி உள்ள சிரிஞ்சில் போட்டு டிஎம்எஃப் என்ற கரைப்பானில் ஊறவைக்க வேண்டும். விதைநெல் மாதிரிதான், சரியாக ஊறாத மணியில் எதுவும் நடக்காது. அரை மணி நேரமாவது விடுங்கள். அப்புறம் 20 சதவீத பைப்பெரிடினால் எஃப்மாக்கை (அமினோ அமிலத்தின் அமீன் முனையை மூடியிருக்கும் காப்பு) எடுத்து, கழுவி, அடுத்த அமினோ அமிலத்தை இணைப்பைத் தூண்டும் ஹெச்பிடியூ, டிஐபிஇஏ என்ற காரம் இரண்டையும் சேர்த்துக் கோக்க வேண்டும். இதுதான் கப்ளிங். மறுபடி கழுவி, மறுபடி எஃப்மாக். கடைசியில் டிஎஃப்ஏ என்ற அமிலத்தில் ரெசினிலிருந்து வெட்டி, குளிர்ந்த ஈதரில் வீழ்படிய வைக்க வேண்டும். வைவாவில் கட்டாயம் வரும் கேள்வி ஒன்று: எந்த முனையிலிருந்து கட்டுகிறீர்கள்? நாம் சி (C, அமிலப் பக்கம்) முனையிலிருந்து என் (N, அமீன் பக்கம்) முனைக்குப் போகிறோம். செல்லுக்குள் புரதம் கட்டும் ரைபோசோம் இதற்கு நேர்மாறு. அந்த ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009-இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர், நம் கொள்ளிடம் தாண்டி இருக்கிற சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.

சிரிஞ்சைக் குலுக்கும் ஷேக்கரில் வைத்தால் ஒரு கப்ளிங்குக்கு ஒரு மணி நேரம் ஆனது. சோனிகேட்டரில் பத்து நிமிடம் என்று திட்டம் போட்டேன். முதல் நாள் உற்சாகத்தில் இரண்டு கிளைசினையும் மடமடவென்று கோத்துவிட்டு, கப்ளிங் முழுமையா என்று நிறத்தால் காட்டும் கைசர் டெஸ்ட் செய்யாமலே டைரோசினுக்குப் போய்விட்டேன். சின்ன அமினோ அமிலம்தானே, ஒட்டாமலா போகும் என்று நினைத்தேன்.

மாஸ் எடுக்க சாம்பிளை வெளியே அனுப்பி ஒன்பது நாள் காத்திருந்தேன். வந்த தாளில் 556 இருந்தது. பக்கத்தில் 499 என்று இன்னொரு கோடு, ஏறக்குறைய அதே உயரத்துக்கு. இரண்டுக்கும் வித்தியாசம் 57. சங்கிலிக்குள் ஒரு கிளைசின் சேர்க்கும் எடை சரியாக 57. அதாவது கிட்டத்தட்ட பாதிச் சங்கிலிகளில் இரண்டு கிளைசினுக்குப் பதில் ஒன்றுதான் ஏறியிருந்தது. (உங்களுக்கு 612 வந்தால் பதற வேண்டாம். டைரோசின் மேல் இருக்கும் டெர்ட்-பியூட்டைல் காப்பு இன்னும் போகவில்லை என்று அர்த்தம், டிஎஃப்ஏ-வில் இன்னும் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும்.)

காரணத்தைத் தேட ஒரு வாரம் ஆனது. லேப் அண்ணன்தான் வழி சொன்னார்: "சமையலறை அலுமினியத் தாளை வெட்டித் தொட்டியில் நிமிர்த்திப் பிடிச்சுப் பாரும்மா." ஒரு நிமிடம் பிடித்து எடுத்தேன். தாளில் சில இடங்களில் சல்லடை மாதிரி ஓட்டைகள், சில இடங்களில் ஒரு கீறல்கூட இல்லை. தொட்டி முழுக்க ஒரே வேகத்தில் வேலை நடப்பதில்லை. அடியிலிருந்து வரும் அலையும் மேலே மோதித் திரும்பும் அலையும் கலந்து, ஓரிடத்தில் வலுத்து ஓரிடத்தில் அடங்கிவிடுகின்றன. என் சிரிஞ்சு மிதந்து மிதந்து, அடங்கிய மூலைக்கு ஒதுங்கியிருந்தது. தண்ணீர் மட்டமும் உள்ளே இருந்த டிஎம்எஃப் மட்டத்துக்குக் கீழே இறங்கியிருந்தது.

அன்றிலிருந்து சிரிஞ்சை ஸ்டாண்டில் கவ்வி, ஓட்டை அதிகம் விழுந்த இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் மட்டம் உள்ளே உள்ள கரைப்பானை விட ஒரு விரற்கடை மேலே. புதுத் தண்ணீர் ஊற்றினால் சிரிஞ்சு இல்லாமல் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும், தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று வெளியேறட்டும். அது உள்ளே இருக்கும்வரை ஒலியின் வலுவைக் குறைத்துவிடும். ஒவ்வொரு கப்ளிங்குக்குப் பிறகும் பத்துப் பன்னிரண்டு ரெசின் மணிகளை எடுத்துக் கைசர் டெஸ்ட். நீலம் வந்தால் எதுவும் ஏறாத அமீன் முனைகள் மிச்சம் இருக்கின்றன, மறுபடி கோர்க்க வேண்டும். மஞ்சளாகவே நின்றால் மேலே போகலாம். கைசர் டெஸ்ட் கரைசலில் பொட்டாசியம் சயனைடு உண்டு, கையுறை இல்லாமல், ஃபியூம் ஹூடுக்கு வெளியே தொடவே கூடாது.

அடுத்தது ரிவியூ. ஷேக்கர், சோனிகேட்டர் இரண்டையும் ஒப்பிட்டு அழகாக ஒரு கிராஃப் போட்டுக்கொண்டு போனேன். மேடம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தொட்டித் தண்ணீர் எவ்வளவு சூடு இருந்தது?"

நான் அளந்ததே இல்லை. திரும்பிப் போய் தெர்மாமீட்டர் வைத்தேன். மே மாதம், ஆரம்பத்திலேயே 31 டிகிரி. நாற்பது நிமிடம் ஓடினால் 44. வெறும் சூட்டிலேயே கப்ளிங் வேகமாகும். அப்படியானால் என் கிராஃபில் இருப்பது ஒலியின் வேலையா, சூட்டின் வேலையா? பதில் சொல்ல மூன்றாவது ஒரு செட் வேண்டும்: அதே ரெசின், அதே அளவு, சோனிகேட்டர் காட்டிய அதே வெப்பநிலையில் வெறும் வெந்நீர்த் தொட்டி, ஒலி கிடையாது. செய்தேன். பத்து நிமிடத்தில் எடுத்த மணிகளில் ஷேக்கர் செட் நல்ல கருநீலம், வெந்நீர் செட் வெளிர் நீலம், சோனிகேட்டர் செட் மஞ்சள். என் தொட்டியில், என் ரெசினில், சூடு பாதி வேலை செய்தது, மீதியை ஒலி செய்தது. அந்த மூன்று சோதனைக் குழாய்களின் போட்டோவைத்தான் தீசிஸின் முதல் படமாகப் போட்டேன். இந்த மூன்றாவது செட் இல்லாமல் யாரும் வைவாவுக்குப் போகாதீர்கள்.

சூட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சிஸ்டைன், ஹிஸ்டிடின் இருக்கும் பெப்டைட் என்றால் கப்ளிங்கின்போது ரசிமைசேஷன் (அமினோ அமிலம் தன் கண்ணாடிப் பிம்ப வடிவத்துக்கு மாறிவிடுவது) கூடும். ஐஸ் கட்டி போட்டு 30-க்குள் வைத்துக்கொள்ளுங்கள், கூடுகிற தண்ணீரை அவ்வப்போது மொண்டு விடுங்கள். டிஎம்எஃப் பாட்டிலை ஜன்னலோரம் வெயிலில் வைக்காதீர்கள். மூடியைத் திறந்ததும் மீன் வாடை அடித்தால் அதில் டைமெத்தில்அமீன் உண்டாகிவிட்டது. அது நீங்கள் கேட்காமலே எஃப்மாக்கைக் கழற்றிவிடும், ஓர் அமினோ அமிலம் ஏற வேண்டிய இடத்தில் இரண்டு ஏறும்.

சீக்கிரம் முடியும் என்று யாராவது புரோப் வகை சோனிகேட்டரைக் காட்டினால் வேண்டாம் என்றுவிடுங்கள். அந்தக் கம்பி நேரடியாக உள்ளே இறங்கினால் ரெசின் மணிகள் உடையும், தூள் போய் வடிகட்டியை அடைக்கும். பைப்பெரிடின் போடும்போது சிரிஞ்சை இறுக்கி மூடவும் வேண்டாம். எஃப்மாக் போகும்போது கார்பன் டைஆக்சைடு வரும்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் தீசிஸைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "ஏம்மா, குமிழி உடையும்போது ஐயாயிரம் டிகிரி வருதுன்னு எழுதியிருக்கியே, அப்போ பெப்டைட் கருகிப் போயிடாதா?"

"குமிழிக்கு உள்ளேதான் சார் அந்தச் சூடு. ஒரு மைக்ரோசெகண்டுக்கும் குறைவான நேரம்தான் இருக்கும். 40 கிலோஹெர்ட்ஸில் குமிழியே கிட்டத்தட்ட ரெசின் மணி அளவுக்கு இருக்கும், மணிக்குள்ளே போகாது. வெளியே உடைஞ்சு, மணியைச் சுத்தி அசையாம நிக்கிற திரவப் படலத்தைக் கலைக்குது. அதனால அமினோ அமிலம் சீக்கிரம் உள்ளே போகுது." தோட்டுக் கல்லுக்கு அடியிலிருந்து அழுக்கு வந்ததையும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே வெந்நீர் செட் இருந்த பக்கத்தைத் திருப்பினார். அதற்கு மேல் ஒலியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஓட்டை விழுந்த அலுமினியத் தாளை என் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன், நோட்டு டிபார்ட்மெண்ட் அலமாரியில் இருக்கிறது. தொட்டி விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடும் போட்டு வைத்திருக்கிறேன். சிரிஞ்சு நிற்க வேண்டிய இடம் அதற்கு நேர் கீழே. தொட்டியைக் கழுவும்போது அதை அழித்துவிடாதீர்கள்.