மனைவி பெயரில் ஒரு 'ஹெச்' குறைந்தால்: டாங்க் ரெஜிமெண்ட் ஓய்வூதியர்களுக்கு

மனைவி பெயரைத் திருத்திய பிபிஓ (ஓய்வூதிய ஆணை) ஒருவழியாக ராணுவ ஓய்வூதிய இணையதளமான ஸ்பர்ஷில் ஏறிவிட்டது. நிம்மதிதான், ஆனால் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. குன்னூர், கோத்தகிரி, குந்தா பக்கம் டாங்க் ரெஜிமெண்டில் இருந்து வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். டிஸ்சார்ஜ் புக்கையும் பிபிஓவையும் மனைவியின் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். இன்றைக்கே பாருங்கள்.

எங்கள் வீட்டில் மனைவி பெயர் சுமதி. ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் ஆங்கிலத்தில் 'டி'க்குப் பிறகு 'ஹெச்' உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு ரெஜிமெண்டில் போட்ட பார்ட் டூ ஆர்டரில் (கல்யாணம், குழந்தை போன்ற விவரங்களைப் பதியும் ஆணை) அந்த 'ஹெச்' இல்லை. இந்தி பேசும் கிளார்க் அவர் ஊர் வழக்கப்படி எழுதிவிடுவார். லதா, கவிதா, சாந்தி என்று நம் பக்கத்துப் பெயர் பலவற்றுக்கும் இதே கதிதான். சிலருக்குப் பின்னால் ஒரு 'தேவி' ஒட்டிக்கொண்டிருக்கும். இனிஷியல் இன்னொரு தலைவலி. ஓரிடத்தில் அப்பா பெயரின் முதல் எழுத்து, இன்னோரிடத்தில் கணவர் பெயர் முழுசாக.

சர்வீஸில் இருக்கும்போது இது யார் கண்ணிலும் படாது. காலையில் பி.டி., பிறகு டாங்க் பார்க்கில் மெயின்டனன்ஸ் பரேட். ராஜஸ்தான் மணலில் ஓட்டிய வண்டி என்றால் ஏர் ஃபில்டரைத் துடைப்பதற்கே நேரம் போதாது. ட்ராக் இழுவை பார்க்க வேண்டும், சுட்டு வந்த பேரலை க்ரூ மொத்தமும் சேர்ந்து சுத்தம் செய்ய வேண்டும். மகாஜன் ரேஞ்சில் கேம்ப் என்றால் ஆபீஸ் பக்கமே போக முடியாது. லீவுக்கு முதல் நாள் கிளார்க் நீட்டும் கிண்ட்ரட் ரோலில் (குடும்ப விவரத் தாள்) கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுவதுதான் வழக்கம். அந்தத் தாள்தான் பென்ஷன் முடிவாகும்போது திரும்பி வந்து நிற்கிறது.

இனி வீணான அலைச்சலைச் சொல்கிறேன். மலையில் யாரைக் கேட்டாலும் "வெலிங்டனுக்குப் போங்கண்ணா, மிலிட்டரி சமாச்சாரம் எல்லாம் அங்கேதான்" என்பார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரருக்கு அது சரி. அவருடைய ரெக்கார்ட்ஸ், அதாவது சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம், வெலிங்டனிலேயே இருக்கிறது. நமக்கு அங்கே கேன்டீனும் ஆஸ்பத்திரியும் உண்டு, ஃபைல் கிடையாது. பழைய மெட்ராஸ் குதிரைப்படை வழியில் வந்த 16 லைட் கேவல்ரியில் சர்வீஸ் செய்தவராக இருந்தாலும் அவருடைய காகிதம் மகாராஷ்டிராவில், அகமத்நகரில் உள்ள ஆர்மர்ட் கோர் (டாங்க் படை) ரெக்கார்ட்ஸில்தான். 2024-ல் அந்த ஊரின் பெயர் அகில்யாநகர் ஆகிவிட்டது. பழைய காகிதங்களில் அகமத்நகர் என்றே இருக்கும். ஸ்பீட் போஸ்ட் உறையில் இரண்டு பெயரையும் எழுதிவிடுங்கள்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. டாங்க் ரெஜிமெண்டிலேயே பல வருஷம் இருந்தும் நீங்கள் ஆர்மர்ட் கோர் ஆளாக இல்லாமல் இருக்கலாம். ரெஜிமெண்டோடு இருக்கும் பழுதுபார்ப்புப் பிரிவான எல்.ஏ.டி.யில் டாங்க் மெக்கானிக்காக இருந்தவர் ஈ.எம்.இ. (மின், இயந்திரப் பொறியாளர் கோர்); அவர் ஃபைல் செகந்திராபாத்தில். சிக்னல்ஸிலிருந்து வந்தவருக்கு ஜபல்பூர். டிஸ்சார்ஜ் புக்கின் முதல் பக்கத்தில் கோர் பெயர் இருக்கும். அதைப் பார்க்காமல் எந்தக் கடிதமும் அனுப்பாதீர்கள்.

ஸ்பர்ஷில் நேராகத் திருத்தக் கோரிக்கை போட்டால் போதுமே என்று தோன்றும். ஆனால் ஜவான், ஜேசிஓ (ரிசல்தார் போன்ற இளநிலை அதிகாரி) விஷயத்தில் குடும்ப விவரம் மாற வேண்டுமானால் ரெக்கார்ட்ஸ் ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே பழைய எழுத்து இருக்கும்வரை கோரிக்கை திரும்பி வரும். அதனால் முதல் வேலை, ரெக்கார்ட்ஸுக்கு ஒரு கடிதம்: ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், ரெஜிமெண்ட், பிபிஓ எண், இப்போது எப்படி இருக்கிறது, எப்படி இருக்க வேண்டும், என்னென்ன காகிதம் வேண்டும். அவர்கள் எழுத்தில் அனுப்பும் பட்டியல்தான் செல்லும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பட்டியலை நம்பிச் செலவு செய்யாதீர்கள். பெயரே மாறியிருந்தால் பத்திரிகை விளம்பரம், கெஜட் வரை கேட்பார்கள். ஒரு எழுத்து வித்தியாசத்துக்கு, இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று முத்திரைத்தாளில் ஓர் அஃபிடவிட், அதோடு ஆதார், பான், டிஸ்சார்ஜ் புக், பிபிஓ நகல்கள் என்று எங்களிடம் கேட்டார்கள்.

அஃபிடவிட்டில் கவனம் வையுங்கள். ரெக்கார்ட்ஸில் உள்ள பெயர் முதலில், ஆதாரில் உள்ள பெயர் அடுத்து, இரண்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில், புள்ளியும் இடைவெளியும் உட்பட அப்படியே வர வேண்டும். எங்களுக்கு டைப் அடித்தவர் இரண்டு இடத்திலும் 'ஹெச்' போட்டு, வித்தியாசமே இல்லாத ஒரு அஃபிடவிட்டைக் கையில் கொடுத்தார். நோட்டரி முத்திரை விழுவதற்கு முன் கண்ணில் பட்டதால் பிழைத்தோம்.

மலையில் சான்றொப்பத்துக்காகப் போன ஓர் அலுவலகத்தில்தான் உண்மையிலேயே மனம் நொந்தது. டஃபேதார் என்ற ரேங்கைப் பார்த்துவிட்டு, "இது கலெக்டர் ஆபீஸ் தபேதார் வேலையாச்சே, மிலிட்டரி இல்லையே" என்று ஃபைலைத் திருப்பித் தள்ளினார் கவுன்டரில் இருந்தவர். சவார், டஃபேதார், ரிசல்தார் எல்லாம் குதிரைப்படையிலிருந்து வந்த ரேங்க் என்று சொன்னால் காது கொடுக்கவில்லை. காலாட்படை ஹவில்தாருக்கு நிகர் டஃபேதார், சுபேதாருக்கு நிகர் ரிசல்தார் என்று ஒரு வரி எழுதி விண்ணப்பத்தின் மேலேயே குத்திவிடுங்கள். அடுத்த முறை மறுபேச்சில்லாமல் வேலை நடந்தது.

பெயரைத் திருத்தும்போதே மனைவியின் பிறந்த தேதியையும் பார்த்துவிடுங்கள். தோட்ட வேலைக்குப் போன பெண்கள் பலருக்குப் பள்ளிச் சான்றிதழ் இல்லை; ஆதாரில் வருஷம் மட்டும் இருக்கும், அல்லது ஜனவரி 1 என்று இருக்கும். குடும்ப ஓய்வூதியம் வாங்குபவருக்கு 80 வயதானால் 20 சதவீதம் கூடுதல், 85-ல் 30, 90-ல் 40. பிபிஓவில் பிறந்த தேதி இல்லாவிட்டால் அந்தக் கூடுதல் தானாக வராது.

மொபைல் எண் அடுத்தது. ஸ்பர்ஷ் லாகினுக்கு ஓடிபி பழைய எண்ணுக்குப் போனால் எல்லாமே நின்றுவிடும். மலையில் சில ஊர்களில் சிக்னல் வந்து ஓடிபி விழுவதற்குள் அது காலாவதியாகிவிடும். குன்னூர் டவுனில் உட்கார்ந்து செய்வது மேல். விஜயந்தா டாங்கில் 105 எம்எம் துப்பாக்கிப் பக்கத்தில் வருஷக்கணக்கில் உட்கார்ந்த கன்னர்களுக்குக் காது போயிருக்கும். ஹெல்ப்லைனில் பேச அவரைத் தனியாக விடாதீர்கள், பிள்ளைகள் யாராவது கூட இருங்கள்.

நவம்பரில் வாழ்வுச் சான்று. வடகிழக்குப் பருவமழையும் நவம்பரில்தான். 2009 நவம்பரில் மண்சரிந்து மலைப் பாதைகள் என்ன ஆயின என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கடைசி வாரம்வரை வைத்திருக்காதீர்கள். 80 தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். கொழுந்து பறித்த விரலில் ரேகை தேய்ந்திருப்பதால் கைரேகை மெஷின் ஏற்காது. போனிலேயே முகத்தைக் காட்டிச் செய்யும் முறை 2021-லிருந்து இருக்கிறது, அதைக் கேளுங்கள். வாழ்வுச் சான்றுக்கான ஜீவன் பிரமாண் செயலியில், ஓய்வூதியம் வழங்கும் முகமை என்று கேட்கும் இடத்தில் வங்கியைத் தேர்ந்தெடுக்காமல் ஸ்பர்ஷைத் தேர்ந்தெடுங்கள். வங்கியைப் போட்டால் சான்று உருவாகும், ஆனால் சேர வேண்டிய இடத்துக்குச் சேராது.

ரெக்கார்ட்ஸ் புதிய பார்ட் டூ ஆர்டர் வெளியிட்ட பிறகு மீதி தானாக நகர்ந்தது. அந்த ஆர்டரின் எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்கி டிஸ்சார்ஜ் புக்கிலேயே எழுதி வைத்துவிட்டோம். ஈசிஎச்எஸ் (முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டம்) கார்டிலும் கேன்டீன் கார்டிலும் பழைய எழுத்துதான் இருக்கிறது. அவற்றுக்குத் திருத்திய பிபிஓ நகலோடு தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு அவசரம் வரலாம் என்பதால் ஈசிஎச்எஸ்ஸை முதலில் முடியுங்கள்.