வாக்கெடுப்பு மாதம்: கோத்தகிரிக் குறிப்புகள்

செப்டம்பர் 26, 2017

நேற்று ஈராக்கில் குர்துகள் தனிநாடு வேண்டுமா என்று வாக்களித்தார்கள். முடிவு வரும் முன்பே அவர்கள் தலைநகர் எர்பில் தெருவெல்லாம் கொடியும் ஆட்டமும்தான். 1988இல் ஹலப்ஜாவில் விஷவாயு போட்டு ஆயிரக்கணக்கில் கொன்ற அரசோடு வாழ்ந்த மக்கள் போகிறோம் என்றால், எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வது? ஆனால் கிர்குக் நகரத்திலும் வாக்குப்பெட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே துருக்மேனியரும் அரேபியரும் இருக்கிறார்கள், அடியில் எண்ணெயும் இருக்கிறது. அவர்களில் பலர் ஓட்டுப் போடப் போகவேயில்லை. எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

அக்டோபர் 2

ஸ்பெயினிலிருந்து பிரிய நேற்று வாக்கெடுப்பு நடத்திய காட்டலோனியாவின் வீடியோக்களைப் பார்த்துத் தூக்கம் போச்சு. ஓட்டுப் போட வந்த வயசானவர்களைப் போலீஸ் தடியால் அடிப்பதைப் பார்த்தால் யாருக்கும் அந்தப் பக்கம்தான் மனசு போகும். 90 சதவீதம் 'வேண்டும்'. சரி, வாக்களித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 43 பேர்தான். வராதவர்களில், 1950, 60களில் தெற்கு ஸ்பெயினின் ஆந்தலூசியாவிலிருந்து பிழைப்புக்காக காட்டலோனியத் தலைநகர் பார்சிலோனாவின் தொழிற்சாலைகளுக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பார்கள்.

அவர்களை நினைத்தால் தாத்தா ஞாபகம்தான். இலங்கை நுவரெலியா பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, கொழுந்துக் கூடையோடு வளர்ந்தவர். 1948 பிப்ரவரியில் இலங்கைக்குச் சுதந்திரம், அதே வருஷம் குடியுரிமைச் சட்டம், தோட்டங்களில் உழைத்த எங்கள் மலையகத் தமிழர் பெரும்பாலோர் நாடற்றவர். அப்புறம் 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடும் ஆளுக்குப் பாதி. தோட்டத்து ஆட்களிடம் யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை.

அக்டோபர் 17

நாளைக்குத் தீபாவளி, போனஸ் பேச்சுதான் ஊர் முழுக்க. அதற்கு நடுவே கிர்குக்கை நேற்று ஈராக் ராணுவம் குர்துகளிடமிருந்து திரும்பப் பிடித்துக்கொண்டது. டீக்கடையில் நண்பன் பிடித்துக்கொண்டான்: "ஈழம்னா கத்துற, குர்துன்னா மட்டும் கணக்குப் பாக்குறியே மச்சான்?" கணக்கு ஈழத்திலும் இருந்தது என்றேன். எங்கள் ஆட்களின் குடியுரிமை பறிபோனதை ஏற்க முடியாமல்தான் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸை விட்டு வெளியேறி 1949இல் தமிழரசுக் கட்சி கண்டார், அதை மறக்க மாட்டேன். ஆனால் தனி ஈழம் கேட்ட 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை மலையகத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் ஏற்கவில்லை. வடக்கும் கிழக்கும் தனிநாடாகப் போனால் நடுவில் மலையில் இருப்பவர்களின் கதி என்ன? அதைக் கேட்டால் துரோகி என்கிறார்கள், கேட்காவிட்டால் எனக்கே பொறுக்கவில்லை. 1983 கலவரத்தில் அந்த மலையிலும் தமிழர் வீடு எரிந்தது என்பதும் உண்மைதானே, அதனால் பிரிவினை கேட்டவனைத் திட்டவும் வரவில்லை.

அக்டோபர் 28

நேற்று பார்சிலோனாவில் சுதந்திரப் பிரகடனம், கையோடு மாட்ரிட்டில் உள்ள ஸ்பெயின் அரசு அரசியலமைப்பின் 155ஆவது பிரிவைப் போட்டு காட்டலோனிய ஆட்சியைக் கலைத்தது. ராத்திரி அப்பா கேட்டார், அந்த ஆந்தலூசியாக்காரங்களுக்கு புது நாட்டில் குடியுரிமை உண்டா என்று. உண்டுப்பா, அங்கே பதிவு செய்து வசிக்கும் ஸ்பெயின் குடிமக்களுக்கு உண்டு என்று செப்டம்பரிலேயே சட்டம் எழுதிவிட்டார்கள் என்றேன். எனக்கே அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அப்பா மசியவில்லை. சிறுபான்மைக்குப் பாதகமாகச் சட்டம் போடக்கூடாது என்று சுதந்திர இலங்கையின் முதல் அரசியலமைப்பான சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவிலும் எழுதித்தான் வைத்திருந்தார்கள், நம்ம ஆட்கள் குடியுரிமைக்காக அப்போதைய கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றார்கள் என்றார்.