கவுண்ட் பேஸியின் இடது கை

ஜாஸ் பியானோ கலைஞரும் குழுத் தலைவருமான கவுண்ட் பேஸியைக் கேட்கும்போது, அவர் வாசிக்காமல் விட்ட இடங்களையும் கவனியுங்கள். 1904இல் நியூ ஜெர்சியின் ரெட் பேங்க்கில் பிறந்தவர். நியூயார்க்கின் ஹார்லெமில் பியானோ கலைஞர் ஃபேட்ஸ் வாலரின் பாணியில் ஊறியவர். அந்த 'ஸ்ட்ரைடு' முறையில் இடது கை, நான்கு தட்டுத் தாளத்தின் 1, 3ஆம் தட்டுகளில் கீழ்ச்சுரத்துக்கும் 2, 4இல் நடு ஸ்தாயி கார்டுக்கும் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) தாவிக்கொண்டே இருக்கும். தனிக் கச்சேரிக்கு அருமை! ஆனால் பேஸியின் குழுவில் வால்டர் பேஜின் பேஸ் (கீழ்ச்சுரத் தந்தி வாத்தியம்) நான்கு தட்டுக்கும் நடக்கிறது. 1937இல் சேர்ந்த ஃப்ரெடி கிரீனின் கிட்டாரும் நான்கிலும் விழுகிறது. அதன்மேல் ஸ்ட்ரைடும் ஏறினால் கீழ்ச்சுரங்கள் மோதிக் குழம்பும், நடை கனத்துப்போகும். அதனால் பேஸி இடது கையைப் பெரும்பாலும் அடக்கிக்கொண்டார். வலது கையில் மேல் ஸ்தாயியில் இரண்டு மூன்று சுரம், பிறகு மௌனம். ஆடுபவர்களின் காலுக்குத் தாளம் தெளிவாக எட்டியது.

1936இல் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம்: 24 பதிவுகளுக்கு 750 டாலர், ராயல்டி கிடையாது. இது பெரிய அநியாயம்.

1950இல் பெரிய குழுவைக் கலைத்து, 1952இல் மறுபடி கட்டினார். 1984இல் இறக்கும்வரை நடத்தினார்.

அவர் பாணியைப் பழகுகிறவர்கள் சறுக்குவது சுரத்தில் அல்ல, மௌனத்தில். அடுத்த சுரத்துக்கு அவசரப்படுகிறார்கள். வலது கை ஓயும்போதும் மனதுக்குள் நான்கு தட்டையும் எண்ணுங்கள்.